லோடு, ஏற்றம், மழை: உங்கள் பிக்கப்புக்கு எந்த கியர் பாக்ஸ்? குமரி மாவட்டத்துக்காரர்களுக்கு முழுமையான வழிகாட்டி

ஒரு ஐப்பசி மாதம், கீரிப்பாறைக்கு மேலே ஓர் எஸ்டேட் ஏற்றத்தில் என் பழைய பிக்கப்பின் கிளட்ச் எரிந்துபோனது. பின்னால் ரப்பர் ஷீட் கட்டு. அடியில் வழுக்கும் செம்மண். முன்னால் போன ஜீப் நின்று நின்று ஏறியது. நானும் ஹேண்ட் பிரேக்கைத் தொடாமல், பாதிக் கிளட்சிலேயே வண்டியைத் தாங்கிக்கொண்டு நின்றேன். முதலில் ஒரு கருகல் வாடை வந்தது. அப்புறம் இன்ஜின் மட்டும் அலறியது, வண்டி நகரவில்லை. மறுநாள் மெக்கானிக் அண்ணன் பிளேட்டைக் கழற்றிக் காட்டி, "மக்கா, இதுல லைனிங்கே இல்ல, ரிவெட்டுதான் மிச்சம்" என்றார்.

அதிலிருந்து கியர் பாக்ஸ் விஷயத்தில் எனக்கு அக்கறை அதிகம். இப்போது புது பிக்கப் எடுக்கப் போகிறவர்கள், அதிலும் வளைகுடாவில் வருஷக்கணக்கில் ஹைலக்ஸ் ஓட்டிவிட்டு ஊர் திரும்புகிறவர்கள், என்னிடம் கேட்பது ஒரே கேள்விதான்: "கியர் வண்டி எடுக்கவா, ஆட்டோமேட்டிக் எடுக்கவா?" நான் பதிலுக்கு ஒன்று கேட்பேன்: உங்கள் வண்டி லோடோடு போக வேண்டிய மிக மோசமான இடம் எது? அந்த இடத்தை வைத்துத்தான் கியர் பாக்ஸை முடிவு செய்ய வேண்டும். ஷோரூமுக்கு எதிரே உள்ள நல்ல ரோட்டில் பத்து நிமிஷம் ஓட்டிப் பார்த்து முடிவு செய்தால் தப்பாகத்தான் போகும்.

முதல் படி: உங்கள் ஓட்டத்தை எழுதுங்கள்

ஒரு தாளை எடுத்து, ஒரு வாரம் வண்டி எங்கெல்லாம் போகிறது, என்ன ஏற்றுகிறது, எங்கே நின்று நின்று போகிறது என்று எழுதுங்கள். நம் மாவட்டம் சின்னதுதான். ஆனால் காலையில் கடற்கரையில் நிற்கும் வண்டி மத்தியானம் மலையடிவாரத்தில் ஏறிக்கொண்டிருக்கும்.

தோவாளையிலிருந்து பூ ஏற்றுகிறவருக்கு எடை பிரச்சினை இல்லை, நேரம்தான் பிரச்சினை. விடியும் முன் கிளம்பி, நல்ல ரோட்டில் ஒரே சீராகப் போக வேண்டும். மார்த்தாண்டம் சந்தைக்கு ஏத்தன் வாழைக்குலை கொண்டுவருகிறவருக்கு எடையும் உண்டு, நெரிசலும் உண்டு. மேம்பாலம் வந்த பிறகும் கீழே சந்தைப் பக்கம் ஒதுங்கினால் வண்டி ஊர்ந்துதான் போகும். ஒரு மணி நேரத்தில் கிளட்சை எத்தனை தடவை மிதிக்கிறோம் என்று ஒரு நாள் எண்ணிப் பாருங்கள், இடது முழங்கால் பதில் சொல்லும். தேங்காய்ப்பட்டணம், குளச்சல், சின்னமுட்டம் பக்கம் மீன் ஏற்றுகிறவருக்குப் பிரச்சினை வேறு. மணல், உப்புக்காற்று, பெட்டியிலிருந்து வடிகிற உப்பு கலந்த ஐஸ் தண்ணீர். குலசேகரம், பேச்சிப்பாறை, தடிக்காரன்கோணம் பக்கம் தோட்டம் வைத்திருக்கிறவருக்கு எல்லாமே ஏற்றமும் இறக்கமும்தான். அதுவும் தென்மேற்கு, வடகிழக்கு என்று இரண்டு பருவமழையும் பெய்கிற மாவட்டம் இது. வருஷத்தில் பாதி நாள் மண் ரோடு ஈரமாகவே கிடக்கும்.

இந்தத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

இரண்டாம் படி: உள்ளே என்ன நடக்கிறது

கியர் பாக்ஸின் வேலை இன்ஜினின் இழுவையைப் பெருக்குவது. முதல் கியரின் விகிதம் 4:1, பின் ஆக்சிலில் இருக்கும் டிஃபரன்ஷியலின் விகிதம் 4:1 என்று வைத்துக்கொண்டால், இன்ஜின் தரும் டார்க் (சுற்றும் விசை) சக்கரத்துக்குப் போகும்போது 16 மடங்காகிறது. வேகம் 16-ல் ஒரு பங்காகக் குறைகிறது. மேல் கியரில் இது தலைகீழ்: இழுவை குறையும், வேகம் கூடும். எல்லா வகை கியர் பாக்ஸுக்கும் அடிப்படை இதுதான். சுற்றிக்கொண்டிருக்கும் இன்ஜினையும் நின்றுகொண்டிருக்கும் சக்கரத்தையும் எப்படிச் சேர்க்கிறார்கள் என்பதில்தான் வகைகள் பிரிகின்றன.

மேனுவலில், அதாவது கையால் கியர் மாற்றும் வண்டியில், அந்த வேலையைச் செய்வது கிளட்ச் பிளேட். உரசிப் பிடித்துச் சேர்க்கிறது. முழுக்க விட்டால் உரசல் இல்லை, முழுக்க மிதித்தாலும் உரசல் இல்லை. நடுவில் நிறுத்தினால்தான் தேய்மானம், சூடு. மெக்கானிக் அண்ணன் காட்டிய அந்த ரிவெட்டின் கதை இதுதான்.

ஆட்டோமேட்டிக் பிக்கப்களில் பெரும்பாலும் டார்க் கன்வர்டர் இருக்கும். முப்பந்தலில் காற்றாலை சுற்றுவதைப் பார்த்திருப்பீர்கள். எந்தக் கம்பியும் இறக்கையைத் தொட்டுத் தள்ளவில்லை, காற்று தள்ளுகிறது. கன்வர்டருக்குள் காற்றுக்குப் பதில் ஆயில். இன்ஜினோடு சேர்ந்த இறக்கை ஆயிலை வீசுகிறது, அந்த ஆயில் கியர் பாக்ஸ் பக்கத்து இறக்கையைச் சுற்றுகிறது. நடுவில் ஸ்டேட்டர் என்று ஒன்று உண்டு. திரும்பி வரும் ஆயிலைச் சரியான திசைக்கு மாற்றி விடுவது அதன் வேலை. இதனால் வண்டி நின்ற நிலையிலிருந்து கிளம்பும் நேரத்தில் டார்க் ஏறத்தாழ இரண்டு மடங்கு வரை பெருகும். ஏற்றத்தில், லோடோடு, மெதுவாகக் கிளம்ப வேண்டிய இடத்தில் இது பெரிய வரம். கிளம்பும்போது உரசித் தேய, மேனுவல் போலக் கிளட்ச் பிளேட் இல்லை. நம் பக்கம் பலரும் "ஆட்டோமேட்டிக் மலைக்கு ஆகாது" என்று சொல்கிறார்கள். மலையில் கிளம்புவதற்கு அதைவிடப் பொருத்தமானது இல்லை என்பதுதான் என் அனுபவம். வேகம் பிடித்த பிறகு லாக்கப் கிளட்ச் இரண்டு பக்கத்தையும் பூட்டிவிடும், அதனால் டீசல் செலவும் பழைய காலத்து ஆட்டோமேட்டிக் போல இல்லை.

அதன் பலவீனம் சூடு. ஆயிலை அடித்துக்கொண்டே இருந்தால் ஆயில் கொதிக்கும். அதைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன்.

மற்ற வகைகளைப் பற்றிச் சுருக்கமாகச் சொன்னால் போதும். ஏ.எம்.டி. என்பது அதே மேனுவல் கியர் பாக்ஸ்தான், கிளட்சை மிதிக்கவும் கியர் மாற்றவும் மனிதனுக்குப் பதில் ஒரு மோட்டார். சின்னக் கார்களில் நெரிசலுக்கு நல்லது. ஏற்றத்தில் லோடோடு ஊர்ந்தால் என் பழைய பிக்கப்புக்கு நடந்ததேதான் நடக்கும். இரட்டைக் கிளட்ச் கியர் பாக்ஸ் வேகமாகக் கியர் மாற்றும், ஆனால் நின்று நின்று ஏறுவது அதற்கும் ஆகாது. சி.வி.டி.யில் பெல்ட்டும் கூம்பு வடிவப் புல்லியும்தான், கனமான இழுவைக்கு உகந்ததல்ல. லோடு ஏற்றும் பிக்கப் தேடுகிறவர் இந்த மூன்றையும் பற்றி அதிகம் யோசிக்க வேண்டாம்.

மூன்றாம் படி: நம் ஊரில் வாங்கக் கிடைப்பது எது

முழுக்க லோடு வேலை என்றால் பொலிரோ பிக்கப் வகை வண்டிகள்தான் ரோடு முழுக்க. 5 கியர் மேனுவல். 1,700 கிலோ வரை ஏற்ற அனுமதி உள்ள மாடலும் உண்டு. ஆட்டோமேட்டிக் வேண்டுமா என்ற கேள்வியே இங்கே எழாது. கிளட்சைக் காப்பாற்றும் பழக்கம்தான் வேண்டும்.

குடும்பமும் போக வேண்டும், தோட்டத்துக்கும் போக வேண்டும் என்றால் நான்கு கதவு பிக்கப்கள். இசுசூ வி-கிராஸ் 2021-லிருந்து 1.9 லிட்டர் டீசலோடு வருகிறது: 163 பி.எஸ். சக்தி, 360 நியூட்டன் மீட்டர் டார்க். 6 கியர் மேனுவலும் உண்டு, 6 கியர் டார்க் கன்வர்டர் ஆட்டோமேட்டிக்கும் உண்டு. அதற்கு முன் வந்த 2.5 லிட்டர் வண்டி 5 கியர் மேனுவல். பழைய வண்டிச் சந்தையில் அதுவும் கண்ணில் படும்.

டொயோட்டா ஹைலக்ஸ் இந்தியாவில் 2022-ல் வந்தது. 2.8 லிட்டர் டீசல், 204 பி.எஸ். இதில் ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். மேனுவல் வண்டிக்கு டார்க் 420 நியூட்டன் மீட்டர், ஆட்டோமேட்டிக் வண்டிக்கு 500. இன்ஜின் ஒன்றுதான், ஆட்டோமேட்டிக்கில் கூடுதல் இழுவை. ஆட்டோமேட்டிக் என்றால் சோப்ளாங்கி என்று நினைக்கிறவர்களிடம் நான் காட்டுவது இந்தக் கணக்கைத்தான். அப்புறம், ஹைலக்ஸ் மேனுவலில் ஐ.எம்.டி. என்று எழுதியிருப்பதைப் பார்த்துக் குழம்ப வேண்டாம். சில சின்னக் கார்களில் அந்தப் பெயருக்குக் கிளட்ச் பெடல் இல்லாத வண்டி என்று அர்த்தம். டொயோட்டாவில் கிளட்ச் பெடல் உண்டு. கியர் மாற்றும்போது இன்ஜின் சுற்றைத் தானாகச் சரிசெய்து, வெட்டாமல் கியர் விழ வைக்கிறது, அவ்வளவுதான்.

இந்த நான்கு கதவு வண்டிகளைப் பார்த்து மயங்குகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. ஆர்.சி.யில் எழுதியிருக்கும் ஏற்றும் எடை, ஒற்றைக் கேபின் லோடு வண்டியைவிட ரொம்பக் குறைவாக இருக்கும். பணம் கட்டுவதற்கு முன்பே அதைக் கேட்டு வாங்கிப் பாருங்கள்.

நான்காம் படி: லோடோடு ஓட்டிப் பாருங்கள்

வெற்று வண்டி எல்லாமே நன்றாகத்தான் ஓடும். டெஸ்ட் டிரைவுக்குப் போகும்போது குறைந்தது நான்கு பேரை ஏற்றிக்கொள்ளுங்கள். முடிந்தால் பின்னால் சில மூட்டை மண்ணோ சிமென்ட்டோ வைத்துக் கேட்டுப் பாருங்கள். பலர் மறுப்பார்கள், ஒத்துக்கொள்கிறவர்களும் உண்டு. ஷோரூம்காரர் சொல்லும் ரோட்டை விட்டு, உங்கள் தாளில் இருக்கும் ரோட்டில் ஒரு ஏற்றத்துக்குப் போங்கள்.

ஏற்றத்தின் நடுவில் வண்டியை நிறுத்துங்கள். மேனுவல் என்றால் ஹேண்ட் பிரேக்கைப் போட்டு, கிளட்ச் பிடிக்கும் இடம் வந்ததும் விடுவித்துக் கிளம்புங்கள். பின்னால் உருளாமல், இன்ஜின் அணையாமல், வாடை வராமல் கிளம்புகிறதா? முதல் கியர் போதுமான அளவு குட்டையாக, அதாவது மெதுவாக ஊரும்படி, இருக்கிறதா? சில வண்டிகளில் முதல் கியரே நீளமாக இருக்கும். அதில் லோடோடு மெதுவாக ஊர முடியாது, கிளட்சைத் தேய்த்துத்தான் ஊர வேண்டும். ஆட்டோமேட்டிக் என்றால் பிரேக்கை விட்டுப் பாருங்கள். ஆக்சிலேட்டரைத் தொடாமலே எவ்வளவு தாங்குகிறது, தொட்டதும் எவ்வளவு அமைதியாக நகர்கிறது என்று கவனியுங்கள்.

அடுத்து ரிவர்ஸ். தோட்டத்துப் பாதையில் திருப்ப இடம் இருக்காது. ஏற்றத்திலேயே பின்னால் எடுக்க வேண்டிவரும். கிளட்ச் அதிகம் தேய்வது முன்னால் போவதைவிட இப்படிப் பின்னால் ஏறும்போதுதான். அதையும் அன்றைக்கே செய்து பார்த்துவிடுங்கள்.

தாளில் திருநெல்வேலி ஓட்டம் இருந்தால் இன்னொரு சோதனையும் உண்டு. ஆனி, ஆடியில் திரும்பி வரும்போது ஆரல்வாய்மொழிக் கணவாயில் எதிர்க்காற்று நெஞ்சில் கை வைத்துத் தள்ளும். தார்ப்பாய் கட்டிய உயரமான லோடு என்றால் ஆட்டோமேட்டிக் ஆறாவது கியருக்கும் ஐந்தாவது கியருக்கும் இடையில் மாறி மாறித் தவிக்கும். அப்படி விட்டால் ஆயில் சூடாகும். லிவரை மேனுவல் பக்கம் தள்ளி, ஐந்திலோ நான்கிலோ நிறுத்தி வையுங்கள். அந்த வசதி எந்த இடத்தில், எப்படி இருக்கிறது என்று வாங்கும்போதே பழகிக்கொள்ளுங்கள்.

ஐந்தாம் படி: இறங்கும் வித்தை

ஏறுவதைவிட இறங்குவதுதான் எனக்குப் பயம். எந்த வகை கியர் பாக்ஸாக இருந்தாலும் லோடோடு இறங்கும்போது வண்டியைப் பிடிக்க வேண்டியது இன்ஜின், பிரேக் துணைக்குத்தான். பிரேக்கையே மிதித்துக்கொண்டு வந்தால் லைனிங் சூடாகி, கால் உள்ளே போகும், வண்டி நிற்காது.

மேனுவல்காரருக்குப் பழைய விதி போதும்: எந்த கியரில் ஏறினீர்களோ அதே கியரில் இறங்குங்கள். இரண்டாவதில் ஏறிய மேட்டை இரண்டாவதிலேயே இறங்குங்கள். வளைவுக்குள் போய் கியரைத் தேடாதீர்கள், வளைவுக்கு முன்பே போட்டுவிடுங்கள்.

ஆட்டோமேட்டிக்காரருக்கு இங்கேதான் சறுக்கும். டி-யில் (தானாகக் கியர் மாறி முன்னே ஓடும் நிலையில்) போட்டு இறக்கத்தில் விட்டால், "வேகம் கூடுகிறது, ஆக்சிலேட்டரில் கால் இல்லை" என்று கண்டு கியர் பாக்ஸ் தானாகவே மேல் கியருக்குப் போக வாய்ப்புண்டு. அப்போது இன்ஜின் பிடிமானம் போய்விடும். அதனால் இறக்கம் தொடங்கும் முன்பே லிவரை மேனுவல் பக்கம் தள்ளி இரண்டு என்று காட்டும் வரை குறையுங்கள். முதல் தடவை இன்ஜின் சத்தம் ஏறும்போது மனம் பதறும். இன்ஜின் சுற்று காட்டும் மீட்டரில் முள் சிவப்புக் கோட்டைத் தொடாதவரை அந்தச் சத்தத்தால் எந்தக் கெடுதலும் இல்லை.

நியூட்ரலில் இறக்கிவிடுவது நம் ஊர் டிரைவர்களிடம் பழகிப்போன தப்பு. டீசல் மிச்சம் என்று நினைக்கிறார்கள். இப்போதுள்ள டீசல் இன்ஜின்களில் கியரில் இருந்தபடி ஆக்சிலேட்டரை விட்டால் டீசல் ஊற்றுவதே நின்றுவிடும். நியூட்ரலில்தான் இன்ஜினை ஓட வைக்க டீசல் செலவாகும். மிச்சமும் இல்லை, பிடிமானமும் இல்லை. இதை என் மகனுக்கு ஓட்டக் கற்றுக்கொடுக்கும்போது முதல் நாளே சொன்னேன்.

ஆறாம் படி: ஃபோர் வீல் வேண்டுமா?

கியர் பாக்ஸுக்குப் பின்னால் ட்ரான்ஸ்ஃபர் கேஸ் என்ற இன்னொரு பெட்டி சேர்ந்தால் அது நான்கு சக்கரமும் இழுக்கும் ஃபோர் வீல் வண்டி. டூ ஹை, ஃபோர் ஹை, ஃபோர் லோ என்று மூன்று நிலை. டூ ஹை (பின் சக்கரம் மட்டும் இழுக்கும்) தினசரி ரோட்டுக்கு. ஃபோர் ஹை சேற்றுக்கும் மணலுக்கும். காய்ந்த தார் ரோட்டில் ஃபோர் ஹை போட்டு வளைக்காதீர்கள். முன் சக்கரமும் பின் சக்கரமும் வளைவில் வேறு வேறு தூரம் ஓட வேண்டும். பூட்டிய நிலையில் அது முடியாமல் இறுகி உடைக்கும்.

நான் பெரிதாக மதிப்பது ஃபோர் லோவைத்தான். இழுவையை இன்னொரு முறை பெருக்கி, வேகத்தை நடை வேகத்துக்குக் குறைக்கிறது. மேனுவல் வண்டி எடுக்கிற தோட்டக்காரருக்குக் கிளட்சைக் காப்பாற்றும் மருந்து இது. அன்றைக்கு என் வண்டியில் இது இருந்திருந்தால் கிளட்சை முழுக்க விட்டுவிட்டு ஆமை போல ஏறியிருக்கலாம். வண்டியை நிறுத்தி, நியூட்ரலில் வைத்து, அப்புறம் லோவுக்கு மாற்றுங்கள். மாதம் ஒரு தடவையாவது ஈர மண்ணில் போட்டு ஓட்டுங்கள். போடாமலே கிடந்தால் தேவைப்படும் நாளில் விழாது. கடற்கரை வண்டிகளில் ஃபோர் வீலுக்கு மாற்றும் மோட்டாரின் பிளக் உப்பு ஏறிப் பச்சை பிடித்துக் கிடப்பதை நான் பார்த்திருக்கிறேன்.

ஏழாம் படி: பழைய வண்டி என்றால்

மேனுவலில் மூன்று சோதனை. சமதரையில் ஹேண்ட் பிரேக்கை இறுக்கிப் போட்டு, மூன்றாவது கியரில் கிளட்சை மெதுவாக விடுங்கள். இன்ஜின் அணைந்தால் கிளட்ச் பிடிக்கிறது. அணையாமல் ஓடிக்கொண்டே இருந்தால் பிளேட் போச்சு. அடுத்து, நியூட்ரலில் நின்றபடி காது கொடுங்கள். கிளட்சை மிதித்ததும் ஒரு கரகரப்பு வந்தால், கிளட்சை விடுவிக்கும் ரிலீஸ் பேரிங் தேய்ந்திருக்கிறது. மிதித்ததும் சத்தம் நின்றால் தேய்ந்தது கியர் பாக்ஸ் உள்ளே இருக்கும் பேரிங், செலவு பெரிது. மூன்றாவது சோதனை: இரண்டாவது கியரில் இறக்கம் இறங்கும்போது ஆக்சிலேட்டரை விட்டுப் பாருங்கள். லிவர் தானாக வெளியே குதித்தால் அந்த வண்டியை விட்டுவிடுங்கள்.

ஆட்டோமேட்டிக்கைக் காலையில் இன்ஜின் ஆறிய நிலையில்தான் பார்க்க வேண்டும். உரிமையாளர் முன்பே ஓட்டிச் சூடாக்கி வைத்திருந்தால் மறுநாள் வருவதாகச் சொல்லிக் கிளம்புங்கள். பிரேக்கை மிதித்துக்கொண்டு பி-யிலிருந்து (பார்க்கிங்) ஆர்-க்கும் (ரிவர்ஸ்), பிறகு டி-க்கும் மாற்றுங்கள். ஒரு நொடிக்குள் மெல்லப் பிடிக்க வேண்டும். தாமதித்து 'டக்' என்று அடித்தால் உள்ளே தேய்மானம். ஓட்டும்போது கியர் மாறும் இடைவெளியில் இன்ஜின் சுற்று மட்டும் எகிறினால் உள்ளே கிளட்ச் வழுக்குகிறது. ஆயில் துளியை வெள்ளைத் துணியில் வைத்துப் பாருங்கள். கறுத்து, கருகல் வாடை அடித்தால் பேரம் பேசவே உட்கார வேண்டாம்.

ஆட்டோமேட்டிக் எடுக்க முடிவு செய்கிறவர் இன்னும் இரண்டு விஷயத்தை மனதில் வைக்க வேண்டும். பேட்டரி இறங்கினால் தள்ளி ஸ்டார்ட் செய்ய முடியாது, அதனால் ஜம்பர் கேபிள் வண்டியிலேயே இருக்கட்டும். பழுதானால் சக்கரம் தரையில் உருள இழுத்துக்கொண்டு போகவும் கூடாது. இன்ஜின் ஓடாதபோது கியர் பாக்ஸுக்குள் ஆயில் சுற்றாது, உள்ளே காய்ந்து உரசும். முழு வண்டியையும் தூக்கி ஏற்றுகிற மீட்பு வண்டிதான் வர வேண்டும். கோதையாறு பக்கம் ஓட்டம் உள்ளவர் அது அங்கே வந்து சேர எவ்வளவு நேரமாகும் என்று முன்கூட்டியே விசாரித்து வைத்துக்கொள்ளுங்கள்.

எட்டாம் படி: வாங்கிய பிறகு

மேனுவல் கியர் பாக்ஸில் புத்தகத்தில் சொன்ன கிரேடு ஆயில் மட்டும் ஊற்றுங்கள். ஜி.எல்-4 கேட்கும் பெட்டியில் டிஃபரன்ஷியலுக்கு வாங்கிய ஜி.எல்-5 மிச்சத்தை ஊற்றிவிடும் பழக்கம் ஒர்க்‌ஷாப்களில் உண்டு. உள்ளே கியர் சத்தமில்லாமல் விழ உதவும் பித்தளை சின்க்ரோ வளையங்களை அது அரிக்கலாம். கிளட்ச் பெடல் மேல் காலை வைத்தே ஓட்டுவதை இன்றோடு நிறுத்துங்கள்.

ஆட்டோமேட்டிக்கில் சர்வீஸ் புத்தகம் இரண்டு அட்டவணை கொடுக்கும்: சாதாரண ஓட்டத்துக்கு ஒன்று, கடினமான ஓட்டத்துக்கு ஒன்று. லோடு, மலை, புழுதி, நெரிசல் எல்லாம் கடினத்தில்தான் வரும். அதாவது நம் ஓட்டம் முழுக்க. "இந்த ஆயில் ஆயுசுக்கும் வரும்" என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். மேலே சொன்ன சூட்டில் எந்த ஆயிலும் ஆயுசுக்கு வராது. நெரிசலில் வெகுநேரம் நின்றால் நியூட்ரலில் போடுங்கள். ஏற்றத்தில் நிற்கும்போது ஆக்சிலேட்டரால் தாங்கி நிறுத்தாமல் பிரேக்கால் நிறுத்துங்கள். முன்னால் இருக்கும் ஆயில் கூலரில் புழுதியும் பூச்சியும் அடைத்திருந்தால் தண்ணீர் விட்டுக் கழுவுங்கள், ஆனால் அதன் மெல்லிய தகடுகள் (ஃபின்) மடங்கும் அளவுக்கு அழுத்தி அடிக்க வேண்டாம்.

மழைக்காலத்தில் வெள்ளத்தில் இறங்கிய வண்டி என்றால், எந்த வகையாக இருந்தாலும், கியர் பாக்ஸ், ட்ரான்ஸ்ஃபர் கேஸ், டிஃபரன்ஷியல் மூன்றின் ஆயிலையும் மறுநாளே பாருங்கள். ஒவ்வொன்றுக்கும் மூச்சு விட ஒரு குழாய் உண்டு. சூடான பெட்டி தண்ணீரில் குளிரும்போது அந்தக் குழாய் வழியாக நீரை உறிஞ்சிவிடும். ஆயில் பால் காப்பி நிறத்தில் இருந்தால் தண்ணீர் புகுந்துவிட்டது, ஒரு கிலோமீட்டர்கூட ஓட்டாமல் மாற்றுங்கள். மீன் ஏற்றுகிறவர்கள் தினமும் இறக்கியதும் அடிப்பாகத்தை நல்ல தண்ணீரால் கழுவுங்கள். கிளட்ச் சிலிண்டர், கியர் கேபிள் முனைகள், பிளக்குகள் இவற்றுக்கு மாதம் ஒரு தடவை துருத்தடுப்பு அடியுங்கள்.

ஆயில் மாற்றிய தேதியையும் கிலோமீட்டரையும் ஒரு சின்ன அட்டையில் எழுதி, டிரைவர் பக்கச் சன் வைசருக்குப் பின்னால் ஒட்டி வையுங்கள். என் வண்டியில் கியர் பாக்ஸ், ட்ரான்ஸ்ஃபர் கேஸ், முன் டிஃபரன்ஷியல், பின் டிஃபரன்ஷியல் என்று நான்கு வரி இருக்கிறது.